செருப்பு கீழே, ஆள் மேலே

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். வயிற்றுப்புண் முன்னைக்கு இப்போது தேவலை. மருந்தை விடாமல் சாப்பிடுகிறேன், அதைப் பற்றி நீ இன்னொரு கடிதம் போட வேண்டாம். இஸ்திரிப் பெட்டி சுட்ட கை ஆறிவிட்டதா? பாப்பா பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போகிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரர் நடுரோட்டில் என் மானத்தை வாங்கிவிட்டார்.

சண்டையில் ஜெயித்த கையோடு ஜெனரல் தலைநகருக்குத் திரும்பியதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். அன்றைக்கு லீவு என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் கொத்தனார், தச்சர், சாரம் கட்டுகிறவர் என்று ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. எல்லாரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றுவிட்டார்கள். எங்கள் மேலதிகாரி ஆட்சிச் சபைக்காரர்களுடைய ஆள். அவருக்கு ஜெனரலைக் கண்டாலே ஆகாது. என்னையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, கூட்டத்தை மடக்கி மடக்கி விசாரித்தார். போன வருஷம் வேறொருத்தர் ஜெயித்து வந்தபோதும் இதே இடத்தில் நின்று இதே கையைத்தானே தட்டினீர்கள், வெட்கமாக இல்லையா என்று கேட்டார். பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "யாருய்யா உங்களுக்கு லீவு குடுத்தது?" என்று அவர் கத்தியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நீங்கதான் சார். ஆபீசருங்க எல்லாம் ரோட்டுல நிக்கறீங்களே, ஆபீசையே மூடிட்டாங்கன்னு நெனச்சோம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எட்டிப் பார்த்தால், சாரக்கார ஆட்களோடு அத்தான். நல்ல வேளை, சொந்தக்காரர் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை, அவரும் காட்டிக்கொள்ளவில்லை. போகும்போது மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

சிரிக்காதே அக்கா. இங்கே காலம் சரியில்லை. யார் யாருடைய ஆள் என்று காலையில் ஒரு கணக்கு, சாயங்காலம் ஒரு கணக்கு. அவர் வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல்.

பாப்பாவுக்கு என் முத்தம்.
தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கை ஆறித் தழும்பாகிவிட்டது. சலவைக்கூடத்தில் எல்லார் கையிலும் ஒன்று இருக்கிறது, இல்லாவிட்டால் புதுசாக வந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாப்பா அழுதுகொண்டே போகிறாள், சிரித்துக்கொண்டே வருகிறாள்.

உன் கடிதத்தை இஸ்திரி மேசையில் வைத்து எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் ஒருத்தி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பைக் கருக்கிவிட்டாள். உன் மானம் போனதற்காக வருத்தப்படத்தான் பார்த்தேன், வரவில்லை.

வாயை அடக்கச் சொல் என்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து வேறென்ன வேலை எனக்கு? அவ்வளவு உயரத்தில் நின்று வேலை பார்க்கிற மனுஷனுக்குக் கீழே நிற்கிற எல்லாரும் ஒரே அளவாகத்தான் தெரிவார்கள் போலிருக்கிறது.

மற்றபடி அவரைப் போல ஒழுங்கான ஆள் கிடையாது. போன தடவை ஊருக்கு வந்தபோது கூரையில் ஒழுக்கு அடைக்க ஏறினார். ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி, ஏணிக்குக் கீழே, முனை வெளியே பார்க்கிற மாதிரி ஜோடியாக வைத்தார். காலில் இடறுகிறதே என்று நான் எடுத்து வாசலில் போட்டேன். அப்பப்பா, அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. சாரம் கட்டுகிறவர்களுக்கு அதுதான் சட்டமாம். செருப்பு கீழே இருந்தால் ஆள் மேலே இருக்கிறான். அது அங்கே இருக்கிற வரைக்கும் சாரத்தின் அடியில் போட்ட கட்டுக்கயிற்றை ஒருத்தனும் தொடமாட்டான். செருப்பு இல்லையென்றால் ஆள் இறங்கிப் போய்விட்டான் என்று அர்த்தம். "என் செருப்பைத் தூக்கறதும் என்னைத் தூக்கறதும் ஒண்ணுதான்டி" என்றார். அந்தச் செருப்புக்கு இவ்வளவு மரியாதை! இடது வார் அறுந்து, செம்புக் கம்பி போட்டு முறுக்கி வைத்திருக்கிறார். புதுசு வாங்கிக்கொள்ளச் சொன்னால் கேட்டால்தானே.

அடுத்த முறை பார்க்கும்போது முறைக்காதே. உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் வேடிக்கை காட்டிய மனுஷன்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறு அப்படியும் இப்படியுமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நலமா?

செருப்புக் கதையைப் படித்து நன்றாகச் சிரித்தேன். எங்கள் ஆபீசில் நேர்மாறு. கோட்டை நாற்காலியில் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோட்டு இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

அந்தச் சிரிப்பும் இப்போது போய்விட்டது. எங்கள் மேலதிகாரி ஒரு வாரமாக வரவில்லை. அவருடைய கோட்டு அங்கேயேதான் தொங்குகிறது. கேட்டால் ஓய்வில் இருக்கிறார் என்கிறார்கள். வீட்டில் போய் விசாரித்தேன், கதவைத் திறந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் சாத்திக்கொண்டார். அவருடைய வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பதவி உயர்வா தண்டனையா என்று எனக்கே தெரியவில்லை.

சந்தைச் சதுக்கத்தில் ஜெனரலுடைய சிலை இருக்கிறது. கடைக்காரர்கள் அவர் வந்த சந்தோஷத்தில் அதன் தலையில் தகரக் கிரீடம் ஒன்றைத் திருகி வைத்திருக்கிறார்கள். அதை எடு என்று சபையிலிருந்து உத்தரவு. சிலை மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று ராணுவத்திலிருந்து உத்தரவு. இரண்டும் ஒரே தபாலில் வந்தன. போன வாரம் பாலத்தடியில் இருக்கிற அவருடைய இன்னொரு சிலையின் மேல் யாரோ செருப்பை எறிந்துவிட்டார்கள். எறிந்தவன் ஓடிவிட்டான். பக்கத்தில் நின்றவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பவில்லை.

சபை உத்தரவில்தான் முந்தின தேதி போட்டிருக்கிறது. அதனால் கிரீடத்தை எடுக்கச் சாரம் கட்டச் சொல்லிவிட்டேன். அத்தானுடைய கோஷ்டிக்குத்தான் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் என்றால் சத்தமில்லாமல் முடிப்பார்கள், அவரும் என் கண் முன்னால் இருப்பார். சரிதானே?

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் வயிற்றைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சரிதானே என்று கேட்டிருக்கிறாய். எனக்கு என்னடா தெரியும்? எடுப்பதா வைப்பதா என்று உனக்கே தெரியாத வேலையில் அவரை ஏன் ஏற்றிவிடுகிறாய்? வேறு யாருக்காவது கொடேன். அவர் கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் பதில் போடு. இரண்டு நாளாகக் கை ஒரு வேலையில் நிற்க மாட்டேன் என்கிறது.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூட எனக்கு வாய் இல்லை.

ரயிலை நிறுத்திவிட்டார்கள், ஊரடங்கு போட்டுவிட்டார்கள். நீ வந்து சேரும்வரை வைத்திருக்கக் கூடாது என்றார்கள். அடக்கத்துக்கு அவருடைய கோஷ்டியிலிருந்து நாலு பேரும் நானும் மட்டும்தான். உன் இரண்டாம் தேதிக் கடிதம் அதற்கப்புறம் வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். கூட்டாளிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கிரீடத்தின் திருகு துருப்பிடித்துப்போய் வரவில்லை என்று அத்தான் மட்டும் மேலேயே இருந்திருக்கிறார். சிலையின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் கீழேயிருந்து தெரியாது. நான் அங்கே போயிருந்தேன், கொஞ்ச நேரம் முன்னால்தான் கிளம்பினேன். அதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது. ஜெனரலுடைய கார் அந்த வழியாக வருகிறது, சாரம் கண்ணில் படக்கூடாது, உடனே அவிழ் என்று சாப்பிட்டுத் திரும்பியவர்களை விரட்டியிருக்கிறார்கள். எல்லாத் திசையிலும் ஒலிபெருக்கியில் பாட்டு. அவர்கள் அடிக்கட்டை அவிழ்த்ததும் சாரம் அவரோடு சரிந்துவிட்டது.

விபத்து அக்கா. யார் மேலும் தப்பு சொல்ல முடியாது.

தம்பி

மே 3

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். பாப்பா அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கார் வந்தது, வண்டி வந்தது, பாட்டுப் பாடியது, எல்லாம் இருக்கிறது. செருப்பைக் காணோம். அவர் மேலே இருந்தால் செருப்பு கீழே இருந்திருக்குமே. செருப்பு இருக்கும்போது அவருடைய ஆட்கள் எப்படி அவிழ்த்தார்கள்? போலீஸ் என்ன, யார் விரட்டினாலும் அவிழ்க்கமாட்டார்களே. அவர் வைக்க மறந்துவிட்டாரா? சாப்பிட மறப்பார், எனக்குக் கடிதம் போட மறப்பார், அதை மறக்கமாட்டார்.

அவருடைய சாமான்களை அனுப்பு. செருப்பையும் சேர்த்து அனுப்பு.

அக்கா

மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். பாப்பாவுக்குப் பால் வாங்கிக் கொடு.

ஜெனரலைச் சபைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துச் சுட்டுவிட்டார்கள், உங்கள் ஊருக்கும் சேதி வந்திருக்கும். இங்கே யார் ஆள்கிறார்கள் என்று எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை. காலையில் ஒருவர் வந்து மேசையில் உட்காருகிறார், மத்தியானம் வேறொருவர் வந்து அவரை எழுப்புகிறார். மேலதிகாரியின் கோட்டை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

அத்தானைப் பற்றியும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். போன மாதப் பேப்பரில் அவர் கிரீடத்தைச் சரிசெய்ய ஏறிய ஜெனரலின் பக்தர். இந்த மாதப் பேப்பரில் கிரீடத்தைப் பிடுங்க ஏறிய வீரர். அவர் பெயரை ஒரு தெருவுக்கு வைக்கலாம் என்று ஒருவர் பேசினார், அடுத்த நாள் அந்த ஆளையே காணோம். உன் கையில் ஏதாவது உதவி வந்து சேருமாறு நான் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

வீரர் என்று ஆகிவிட்டதால் விசாரணை வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே சாரத்தை அவிழ்த்துக் கொன்றதாகச் சொல்லி அவர் கோஷ்டியைச் சேர்ந்த நெட்டையனைப் பிடித்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் இப்போது வாயைத் திறக்கிற நேரமில்லை.

சாமான்களை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சட்டை இரண்டு, சாப்பாட்டுத் தூக்கு, கயிறு வெட்டும் கத்தி, பாப்பாவுக்கு வாங்கி வைத்திருந்த ரிப்பன்.

தம்பி

ஜூன் 8

தம்பிக்கு,

பார்சல் வந்தது. நீ எழுதியதெல்லாம் இருந்தது. நான் கேட்டது இல்லை.

நெட்டையனுடைய பெண்டாட்டி இங்கே வந்து என்னோடு தங்கியிருக்கிறாள். அவளுக்கும் இந்த ஊர்தான், வேறு போக்கிடம் இல்லை. வாசலில் வந்து நின்றதும் உன் புருஷன்தானே அவிழ்த்தான் என்று கத்திவிட்டேன். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் சொன்னாள், சாப்பிடப் போகும்போது செருப்பு இருந்ததாம், திரும்பி வரும்போது இல்லையாம். போலீஸ் விரட்டியும் நெட்டையன் முதலில் அதைத்தான் பார்த்திருக்கிறான். சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறான். "செருப்பு இல்லடி, அண்ணன் எறங்கிட்டாருன்னுதான் கை வெச்சேன்" என்று சிறையில் அவளிடம் சொல்லி அழுதானாம். இப்போது அவன் ராத்திரி பகல் தூங்குவதில்லையாம்.

விசாரணையில் அதைச் சொல்லியிருக்கிறான். செருப்பாவது சாரமாவது என்று அதிகாரிகள் சிரித்திருக்கிறார்கள். உனக்கு அந்தச் சட்டம் தெரியும். நான் எழுதினேன், படித்துச் சிரித்ததாக நீயும் பதில் போட்டாய். அங்கே இருக்கிற அதிகாரிகளில் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நீ ஏன் அவர்களிடம் சொல்லவில்லை?

நீ அங்கே போயிருந்தாய் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். நீ போனபோது செருப்பு இருந்ததா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறெதையும் எழுதாதே.

அக்கா

ஜூலை 3

தம்பிக்கு,

உடம்பு சரியில்லையா? பதில் இல்லையே.

தபால் ஒழுங்காகத்தான் வருகிறது. நெட்டையன் பெண்டாட்டிக்கு வருகிறது. இந்த மாதக் கடைசியில் விசாரணை முடிகிறதாம். அவனுக்கு ஆயுள் தண்டனை என்கிறார்களாம், அதற்கு மேலேயும் போகலாமாம். அவளுக்கு மாசம் ஏழு.

எழுதுடா.

அக்கா

ஜூலை 19

அக்கா,

இந்தப் பார்சலில் செருப்பு இருக்கிறது. பேப்பர் சுற்றியபடியே அனுப்புகிறேன்.

சிலையின் காலடியில் கிடந்தது. முனை வெளியே பார்த்தபடி. இடது வாரில் செம்புக் கம்பியைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. சந்து முனையில் போலீஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. ஜெனரல் சிலைக்குக் கீழே செருப்பு. அவர்கள் பார்த்தால் பாலத்தடியில் நடந்த மாதிரிதான். அண்ணாந்து கூப்பிட்டேன், பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. இறங்கி வந்து செருப்பைத் தேடட்டும், வெறுங்காலோடு ஆபீசுக்கு வந்து என்னை நாலு பேர் முன்னால் கிண்டல் பண்ணிவிட்டு வாங்கிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

உன் கடிதத்தில் படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. எப்படி வராமல் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. ஜெனரல் சிலைக்கு மரியாதை காட்டியவன் என்பார்களா, வீரரைக் கொன்றவன் என்பார்களா, இரண்டும் என்பார்களா. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

ஜூலை 25

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நலம். நெட்டையன் பெண்டாட்டிக்குக் கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம்.

பேப்பரைப் பிரித்துச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டேன். அடியில் அந்தச் சதுக்கத்து மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் துடைக்கவில்லை.

உன் மேல் எனக்கு வயிறெரிகிறது. நீ என் முன்னால் இருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். அவரைக் காப்பாற்றத்தான் எடுத்தாய் என்பதும் தெரிகிறது, அது தெரிவதால் எரிச்சல் குறையவும் இல்லை. செம்புக் கம்பியைப் பார்த்தபோது நீ என் தம்பியாக இருந்தாய். எடுத்தபோது ஆபீசராகிவிட்டாய். செருப்பைப் பார்த்தால் எந்தச் சாரக்காரனும் மேலே ஆள் இருக்கிறான் என்று நினைப்பான். நீ மேலதிகாரிகள் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தாய். உன்னைக் குற்றம் சொல்லவா, பாவப்படவா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அழுகையாக வருகிறது, அவருக்காகவா உனக்காகவா என்று கேட்டால் அதுவும் சொல்லத் தெரியவில்லை.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டாய். அது ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர் போய்விட்டார். நெட்டையன் இருக்கிறான். அவனை மேலே ஏற்றிவிட்டு இன்னும் எத்தனை நாள் அடியை அவிழ்த்துக்கொண்டிருப்பாய்?

ரயில் விட்டுவிட்டார்கள். விசாரணைக்கு முந்தின நாள் கிளம்புகிறோம், நானும் அவளும். விசாரணை உங்கள் ஆபீஸ் மாடியில்தான் என்றாள். நீ எப்படியும் அங்கே மேலேதான் இருப்பாய். செருப்பைக் கொண்டு வருகிறேன். மாடிப்படிக்குக் கீழே ஜோடியாக, முனை வெளியே பார்க்கிற மாதிரி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். காவல்காரன் எடு என்று சொன்னாலும் எடுக்கமாட்டேன். யார் கேட்டாலும், "மேல என் தம்பி இருக்கான், அவன் பேசிட்டு எறங்கி வரணும்" என்று சொல்வேன்.

பயமாக இருக்கும், எனக்குத் தெரியாதா? நீ இறங்கி வருகிற வரைக்கும் அந்தச் செருப்பை ஒருத்தரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றோடு போகாதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா